கோபுரத்தில் காணாமல் போன விளக்கு

"எங்கப்பா குடிச்சுட்டு விழுந்தாராம் சார்! நாளைக்கே வழக்கை மூடிடுவாங்களாம். இப்படியொரு பழியோட அவரைப் புதைக்க என்னால முடியாது."

விப்கே அழுகையை அடக்கிக்கொண்டு சொன்னாள். அவள் அப்பா லோதார், ஃபால்கென்ரோடே கோட்டையின் காவலாளி. அவள் கல்யாணத்துக்கு முந்தின இரவு, மணமக்களுக்கு நல்லது நடக்கும் என்ற அந்த ஊர் வழக்கப்படி, ஊரே கோட்டை முற்றத்தில் கூடிப் பீங்கான் தட்டுகளை உடைத்துக் கும்மாளமிட்டது. மறுநாள் காலை, கோபுரப் பாதாளத்தின் படிக்கட்டடியில் அவர் மண்டை பிளந்து கிடந்தார். ஒரு காலத்தில் கைதிகளைப் போட்டு அடைத்த இடம் அது. பிறகு தானியக் கிடங்கானது. இப்போது அதை விருந்துக்கூடமாக்கத் துடித்துக்கொண்டிருந்தான் மாப்பிள்ளை எக்கார்ட். கோட்டையில் விடுதி நடத்துபவன் அவன்தான்.

"கூரை விரிசல் விட்டிருக்கு, ஆளுங்களை உட்கார வைக்காதேன்னு அப்பா எக்கார்ட்கிட்ட தினமும் சண்டை போட்டார்."

"பக்கத்துல விளக்கு கிடந்ததாம்மா?" துப்பறிவாளர் ஹார்ட்விக் நிதானமாகக் கேட்டார்.

"இல்லை. போதையில இருட்டுல இறங்கிட்டார்ங்கிறாங்க. விளக்கில்லாம அந்தப் படியில அவர் காலே வைக்க மாட்டார் சார்!"

"அப்போ யாரோ அதை ஒளிச்சிருக்காங்க, உடைசலோட உடைசலா," என்று ஹார்ட்விக் உதவியாளர் ரெனாட்டேயைப் பார்த்தார். மற்ற இருவரும் பின்தொடர அவள் முற்றத்துக்கு ஓடி, அன்றிரவு பெருக்கி அள்ளிய பீங்கான் நிரம்பிய பீப்பாயைக் கவிழ்த்துக் கிளறினாள்.

"கிடைச்சிடுச்சு சார்! கரி படிஞ்ச கண்ணாடி, நசுங்கின தகரக் கூண்டு. அதுல ரத்தமும் நரைமுடியும் ஒட்டியிருக்கு!"

"அப்பா விளக்குதான்," என்றாள் விப்கே.

"அப்போ யாரோ இதாலயே அடிச்சிருக்காங்க," என்றார் ஹார்ட்விக். "அன்னைக்கு நம்ம ஊர்ல எவனும் கண்ணாடியை உடைக்க மாட்டான். குடும்பம் விளங்காதுன்னு பயம். இது தட்டுகளுக்கு அடியில ஒளிஞ்சு வந்திருக்கு."

"ஊரே பார்த்துக்கிட்டிருந்ததே, யாரால இதைக் குவியல்ல கலக்க முடியும்?" என்றாள் ரெனாட்டே.

"அந்தக் குவியலைப் பொண்ணும் மாப்பிள்ளையும் சேர்ந்துதான் பெருக்கணும். வேற யார் கிட்டப் போனாலும் கத்தித் துரத்தியிருப்பாங்க. ரெண்டே பேர்தான் தொடலாம்." அவர் குரல் தணிந்தது. "நீங்க கலக்கலைம்மா."

விப்கே கொட்டிக் கிடந்த பீங்கான் சில்லுகளைப் பார்த்தாள்.

"எக்கார்ட் ஒரு கூடையைக் கொண்டுவந்து கவிழ்த்தான். சமையல்கட்டுல உடைஞ்ச தட்டுன்னான். இன்னும் வேலை வைக்கிறியாடான்னு நான் சிரிச்சேன் சார்..." அவள் பீப்பாயருகே மடிந்து உட்கார்ந்தாள். "ஐயோ, அவன் மறைக்க மறைக்க நானும் சேர்ந்து பெருக்கி அள்ளினேனே!"