வில்லிவாக்கம் போகும் புத்தகங்கள்

அம்பத்தூர்ப் பெண்கள் பள்ளியில் ஆறாம் வகுப்பு 'ஏ' பிரிவுக்கு வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடு நூலக வகுப்பு. ஆனால் அந்த வகுப்பில் ஒரு பெண்கூட ஒரு புத்தகத்தைத் தொட்டதில்லை.

புத்தகங்கள் ஐந்து கண்ணாடி பீரோக்களில் பூட்டிக் கிடந்தன. சாவிக்கொத்து சகாயம்மாள் டீச்சரின் இடுப்பில் இருக்கும். அவர் தையல் டீச்சர். நூலகத்தையும் அவர்தான் பார்த்துக்கொண்டார்.

"கண்ணாடி வழியாப் பாருங்க. பேரைப் படிங்க. அது போதும்" என்பார். "கிழிஞ்சிட்டா யாரு பதில் சொல்றது?"

பேபி எல்லாப் பெயர்களையும் படித்து முடித்து மூன்று மாதம் ஆகியிருந்தது. அடுத்து அவளும் அவள் தோழி ஜமீலாவும் பெயர்களைத் தலைகீழாகப் படித்துப் பார்த்தார்கள். அதுவும் முடிந்துவிட்டது.

1971-ஆம் ஆண்டு ஐப்பசியில் நாலு நாள் விடாமல் மழை பெய்தது. நூலகத்தின் கூரை ஒழுகியது. பியூன் வேம்புலி அவசர அவசரமாகப் புத்தகங்களை எல்லாம் அள்ளிக்கொண்டுபோய்ப் பக்கத்து ஓவிய அறையில் குவித்தார். ஒன்றுகூடக் கிழியவில்லை. ஆனால் ஈரக்காற்றில் பசை விட்டுப்போய், புத்தகங்களின் முதுகில் ஒட்டியிருந்த நம்பர் சீட்டுகள் உதிர்ந்துவிட்டன. எந்தப் புத்தகம் எந்த பீரோ என்று எழுதி வைத்திருந்த நோட்டும் நனைந்து, மை கரைந்து, பக்கமெல்லாம் நீலமாகிவிட்டது.

வெள்ளிக்கிழமை ஆறாம் வகுப்பு போனபோது, சகாயம்மாள் டீச்சர் எண்ணூறு புத்தகங்களுக்கு நடுவே நின்றுகொண்டிருந்தார்.

தலைமையாசிரியை நாகவல்லி அம்மாள் வாசலில் வந்து நின்றார். அவரைப் பெரிய டீச்சர் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள்.

"புதன்கிழமை கல்வி அலுவலகத்திலேர்ந்து நூலகத்தைப் பார்க்க வர்றாங்க, டீச்சர். அதுக்குள்ள அடுக்க முடியலைன்னா எல்லாத்தையும் சாக்குல கட்டிப் பரண்ல போட்டுடலாம். ஆறு பி பிள்ளைங்க மழையில வராந்தாவில நின்னுகிட்டுப் பாடம் படிக்கிறாங்க. கூரையைச் சரிபண்ணி அந்த ரூமை அவங்களுக்குக் கொடுத்திடலாம்."

அவர் போன பிறகு டீச்சர் மாணவிகளைக் கைகட்டி உட்காரச் சொல்லிவிட்டு, ஒரு புத்தகத்தை எடுத்தார். வலப்பக்கம் வைத்தார். கொஞ்ச நேரம் யோசித்து இடப்பக்கம் வைத்தார். மறுபடி கையில் எடுத்தார். பிறகு அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்து, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பேபிக்குக் கஷ்டமாகிவிட்டது. எழுந்து நின்றாள்.

"டீச்சர், நாங்களும் அடுக்கட்டுமா? கை கழுவிட்டு வர்றோம்."

டீச்சர் அவளைப் பார்த்தார். குவியலைப் பார்த்தார். "சரி. மெதுவா" என்றார்.

மெதுவாக நடக்கவில்லை. நாற்பது பேரும் ஒரே சமயத்தில் எழுந்தார்கள். ஒரு மூலையில் மூன்று பேர் ஒரே புத்தகத்தைப் பிடித்து இழுத்தார்கள். ஒருத்தி தடுக்கி விழுந்து, டீச்சர் காலையிலிருந்து அடுக்கி வைத்திருந்த ஒரே வரிசையையும் சரித்துவிட்டாள்.

"போதும்" என்றார் டீச்சர். "எல்லாரும் வீட்டுக்குப் போங்க."

பேபி வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அந்தக் குவியலையே நினைத்துக்கொண்டு போனாள்.

ஞாயிற்றுக்கிழமை அவளை அப்பா தங்கவேல் வில்லிவாக்கத்திலிருந்த அத்தை வீட்டுக்கு அழைத்துப்போனார். ரயிலில் நிற்கவும் இடமில்லை. கொரட்டூர் வந்ததும் பூக்கூடையோடு ஒரு அம்மா இறங்கினார். ஒரு போலீஸ்காரர் இறங்கினார். தூங்கிக்கொண்டிருந்த ஒரு தாத்தாகூட எப்படியோ கண் விழித்து இறங்கினார்.

"நைனா, இவ்ளோ பேரு கீறாங்களே, யாரு எங்க எறங்கணும்னு யாரு சொல்றாங்க?"

"இன்னாத்துக்குச் சொல்லணும்? அவங்கவங்க போற எடம் அவங்கவங்களுக்குத் தெரியும்" என்றார் அப்பா, ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி.

பேபி வில்லிவாக்கத்தில் இறங்கவே மறந்துவிடப் பார்த்தாள். அவ்வளவு பெரிய யோசனை அவளுக்கு வந்துவிட்டது.

திங்கட்கிழமை காலையில் மணி அடிக்கும் முன்பே சகாயம்மாள் டீச்சரிடம் போய் நின்றாள்.

"டீச்சர், இன்னிக்கு மத்தியானம் தையல் பீரியடு இருக்குல்ல. அதை ரயில் பீரியடா மாத்திக்கலாமா?"

"ரயிலா?"

"ஆமா டீச்சர். ரயில்ல யாரும் முந்திக்கிட்டு ஓட முடியாது. முன்னாடி நிக்கிறவங்க தோளைப் பிடிச்சுக்கணும்."

பேபி எல்லாவற்றையும் சொன்னாள். டீச்சர் இரண்டு முறை 'வேண்டாம்' என்று சொல்ல வாயெடுத்தார். இரண்டு முறையும் சொல்லவில்லை. அவருக்கும் வேறு வழி தோன்றவில்லை.

மதியம் ஓவிய அறைத் தரையில் சாக்பீஸால் ஐந்து பெரிய வட்டங்கள் போட்டார்கள். ஒவ்வொன்றும் ஒரு ஸ்டேஷன். ஆவடியில் கதைகள். திருமுல்லைவாயிலில் பறவை, விலங்கு, செடி கொடி. அம்பத்தூரில் கணக்கும் அறிவியலும். கொரட்டூரில் வரலாறு. வில்லிவாக்கத்தில் பாட்டுப் புத்தகங்கள்.

ஒவ்வொருத்தி கையிலும் ஒரு புத்தகம். அதுதான் பயணி. அது எங்கே இறங்க வேண்டும் என்பது அதற்குள்ளேதான் இருக்கிறது. திறந்து படித்துப் பார்த்து, உள்ளே என்ன இருக்கிறது என்று ஒரு சின்னச் சீட்டில் ஒரு வரி எழுத வேண்டும். அது டிக்கெட்.

ஜமீலா டிக்கெட் பரிசோதகர். பேபி எஞ்சின்.

"கூ" என்று பேபி மெல்ல ஊதினாள். ரயில் கிளம்பியது.

"இந்தப் புஸ்தகம் இன்னாத்துக்குக் கொரட்டூர்ல எறங்குது?" என்று ஜமீலா கேட்டாள்.

"ராஜா படம் போட்டிருக்கு."

"படம் பார்த்தா ஆச்சா? உள்ள படிச்சியா? இன்னொரு ரவுண்டு போய்ட்டு வா."

அந்தப் பெண் ரயிலோடு சுற்றிக்கொண்டே படித்தாள். திரும்பி வந்தபோது சொன்னாள்: "இது வரலாறு இல்ல. இந்த ராஜாவுக்குப் பேசுற கழுதை இருக்கு. ஆவடி."

ஒருத்தி எந்த ஸ்டேஷனிலும் இறங்காமல் நாலாவது தடவையாகச் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"ஏய், உன் ஸ்டேஷன் எப்பவோ வந்துட்ச்சு" என்றாள் ஜமீலா.

"தெரியும். இந்த ஆமை முட்டையிடுற எடம் மட்டும் முடிச்சுக்கிறேன்."

யானையும் எறும்பும் கூட்டாக விவசாயம் பண்ணும் கதை ஒன்று வந்தது. ஆவடியா, திருமுல்லைவாயிலா என்று பெரிய சண்டை. கடைசியில், "யானை நெசம்மா ஏர் ஓட்டுமா?" என்று பேபி கேட்டாள். ஓட்டாது என்று எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். ஆவடி.

ஊறுகாய் போடுவது எப்படி என்று ஒரு புத்தகம் வந்தபோதுதான் ரயில் நின்றுவிட்டது. ஐந்து ஸ்டேஷனிலும் அதற்கு இடமில்லை.

"ரயிலு வில்லிவாக்கத்தோட நின்னுடாது" என்று பேபி தரையில் இன்னொரு வட்டம் போட்டாள். பெரம்பூர். சமையல், தையல், கைவேலை எல்லாம் அங்கே இறங்கின.

சத்தம் கேட்டுப் பெரிய டீச்சர் வந்துவிட்டார். ரயில் அப்படியே உறைந்து நின்றது.

"என்ன நடக்குது இங்கே? சகாயம்மாள் டீச்சர் எங்கே?"

ரயிலின் கடைசிப் பெட்டியிலிருந்து டீச்சர் கையைத் தூக்கினார். ஒரு கை முன்னால் நின்ற பெண்ணின் தோளில் இருந்தது. இன்னொரு கையில் ஒரு புத்தகம்.

"இதோ இருக்கேன்மா" என்றார். தோளிலிருந்து கையை எடுக்கவில்லை. "நான்தான் அனுமதி கொடுத்தேன். ஒரு மணி நேரத்தில முந்நூறு புத்தகம் பிரிச்சாச்சு. ஒண்ணும் கிழியலை."

பெரிய டீச்சர் குனிந்து ஒரு புத்தகத்தை எடுத்து, அதிலிருந்த டிக்கெட்டைப் படித்தார். 'இந்த மீன் இருட்டில் தன் விளக்கைத் தானே எடுத்துப் போகும்.' அடுத்ததை எடுத்தார். 'பூஜ்யம் இல்லாமல் கணக்குப் போட்டால் மிகவும் கஷ்டம். எனக்கு இருந்தாலும் கஷ்டம்.'

அவர் உதட்டோரம் லேசாக அசைந்தது.

"யாருடைய யோசனை?"

பேபி முன்னால் வந்தாள். சாக்பீஸ் தூள் மூக்குவரை ஒட்டியிருந்தது.

"என்னோடது டீச்சர். சத்தம் போட்டது மட்டும் எல்லாரும் சேர்ந்து."

"மிச்சப் புத்தகங்களை எப்போ முடிப்பீங்க?"

"நாளைக்கு ஆறு பி பிள்ளைங்களையும் சேர்த்துக்கிட்டா முடிஞ்சிடும் டீச்சர். ரயில் நீளமாயிடும்."

செவ்வாய்க்கிழமை ரயில் ஓவிய அறையைத் தாண்டி வராந்தா வரை நீண்டது. சாயங்காலத்துக்குள் எண்ணூறு புத்தகங்களும் இறங்கிவிட்டன. மறுநாள் காலையில் ஈரம் காய்ந்திருந்த பீரோக்களில் அவற்றை அடுக்கி, மேலே ஸ்டேஷன் பெயர்களையே எழுதி ஒட்டினார்கள். பெரம்பூருக்கு பீரோ இல்லை. ஜன்னல் ஓரத்து மேசையைக் கொடுத்தார்கள்.

பார்க்க வந்த அதிகாரி தன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து அந்தப் பெயர்களைப் படித்தார். பிறகு ஆவடியிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்து, டிக்கெட்டைப் படித்துவிட்டு, நின்றபடியே பத்துப் பக்கம் படித்தார். டீ ஆறிப்போயிற்று. போகும்போது, "இந்த ரூமை மூடிடாதீங்க" என்று மட்டும் பெரிய டீச்சரிடம் சொன்னார்.

"மூடலை சார். கூரையைச் சரிபண்ணிட்டு, ஆறு பி இனிமே இங்கேயே உட்காரட்டும். பிள்ளைங்களும் இருக்கட்டும், புத்தகங்களும் இருக்கட்டும்" என்றார் பெரிய டீச்சர்.

வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடில் சகாயம்மாள் டீச்சர் ஐந்து பீரோக்களையும் திறந்து வைத்தார்.

"ஆளுக்கு ஒண்ணு வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க" என்றார். "திங்கட்கிழமை வேற ஒரு டிக்கெட் எழுதிட்டு வாங்க. பழசையே காப்பியடிக்கக் கூடாது."

வீடு திரும்பும் வழியில் பேபியும் ஜமீலாவும் மேனாம்பேடு பக்கம் நடந்துகொண்டிருந்தபோது மழை பிடித்துக்கொண்டது. இரண்டு பேரிடமும் சேர்த்து ஒரே ஒரு பிளாஸ்டிக் தாள்தான் இருந்தது. அதைத் தலையில் போட்டுக்கொள்ள இரண்டு பேருக்கும் தோன்றவே இல்லை. புத்தகங்களை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து, அதில் நன்றாகச் சுற்றி, நடுவில் அணைத்துப் பிடித்துக்கொண்டார்கள்.

வீடு வந்து சேரும்போது பேபியின் ஜடையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. புத்தகங்களின் மேல் ஒரு துளிகூட இல்லை.