பால் பேணியில் மூன்று வாஷர்

ஓட்டமாவடியில், ஸகியாவின் வீட்டு முற்றத்தில், ஒரு டீசல் லொறி ஐந்து நாளாக நகராமல் நின்றது. யுத்தம் முடிந்த பிறகு நடந்த இராணுவ ஏலத்தில் வாப்பா முகைதீன்பாவா அதை வாங்கினார். வாங்கிய நாளிலிருந்தே அதற்கு ஓயாத இருமல். கடைசியில் கரும்புகையைக் கக்கிவிட்டு, வேலியோரமாக அடங்கிப் போனது. வீட்டுக் கோழிகளுக்கு மட்டும் அதில் சந்தோஷம். லொறிக்கு அடியில் நல்ல நிழல்.

"நாலு இன்ஜெக்டரும் போயிற்று காக்கா" என்று லொறிச் சாரதி குஞ்சித்தம்பி வாப்பாவிடம் சொல்லியிருந்தார். டீசலை என்ஜினுக்குள் தூறலாகத் தூவுகிற சிறு குழல்களுக்குத்தான் அந்தப் பெயர். புதியவை நான்கு, கொழும்பிலிருந்து ரயிலில் இன்று காலைதான் வந்து சேர்ந்தன.

லொறி ஓட வேண்டும் என்ற தவிப்பு வாப்பாவைவிடக் குஞ்சித்தம்பிக்கே அதிகம். அவருடைய ஒரு வருடச் சாப்பாட்டு நெல் வயல் வட்டையில், கூரையில்லாத களத்தில், சாக்குச் சாக்காகக் கிடந்தது. மனைவி பத்தினிப்பிள்ளை காவல் இருந்தாள். ஊரிலுள்ள மாட்டு வண்டிகளை எல்லாம் மற்றவர்கள் முந்திப் பிடித்துக்கொண்டார்கள். மேற்கே வானமோ கறுத்துக்கொண்டே வந்தது. நனைந்தால் நெல் சாக்குக்குள்ளேயே முளைத்துவிடும்.

காலையில் நெல்லை அளந்து முடித்த கையோடு, தலையில் பதரும் தூசியுமாகக் குஞ்சித்தம்பி ஓடி வந்தார். வந்ததும் பொனட்டைத் திறந்தார்.

பத்து வயது ஸகியாவுக்கும் ஒரு வேலை கிடைத்தது. ஒவ்வொரு இன்ஜெக்டருக்கு அடியிலும் மோதிரம் போல ஒரு செப்பு வாஷர் இருக்கும். கழற்றிய பழைய வாஷர்களை ஒரு காலித் தகரப் பால் பேணியில் பத்திரப்படுத்த வேண்டும்.

"பழசு ஒண்டு உள்ளுக்கு ஒட்டிக் கிடந்தா, அதுக்கு மேல புதுசு ஒழுங்கா இருக்காது. பேணி கவனம் பிள்ள" என்றார் குஞ்சித்தம்பி.

"நான் பாத்துக்கிறன் மாமா" என்றாள் ஸகியா.

நடுவில் உம்மா தேத்தண்ணி எடுக்கக் கூப்பிட்டாள். வாப்பா பள்ளிவாசலுக்கு நண்பகல் லுகர் தொழப் போயிருந்தார். ஸகியா கோப்பையைச் சிந்தாமல் கொண்டுவந்தபோது, வேலை பாதியைத் தாண்டியிருந்தது. பேணிக்குள் எத்தனை என்று அவள் பார்க்கவில்லை. கோழி விரட்டுவதற்கே அவளுக்கு நேரம் சரியாக இருந்தது.

புதிய வாஷர்களை வைத்து, புதிய இன்ஜெக்டர்களைப் பூட்டி இறுக்கியாகிவிட்டது. வாப்பாவும் வந்து சேர்ந்தார். குஞ்சித்தம்பி ஏறி உட்கார்ந்து ஸ்டாட்டரை அழுத்தினார்.

கிர்ர்... கிர்ர்... கிர்ர்...

அவ்வளவுதான். இருமல்கூட வரவில்லை.

குஞ்சித்தம்பி இறங்கி வந்து, பேணியைக் கவிழ்த்து உள்ளங்கையில் கொட்டினார். அவர் முகம் மாறியது.

"மூண்டுதான் கிடக்கு."

"நாலெல்லா இரிக்கணும்?" என்றார் வாப்பா.

"ஓம். ஒண்டு உள்ளுக்குத்தான் கிடக்கு. எந்தத் துளையில எண்டு தெரியல்ல. நாலையும் திருப்பிக் கழட்டோணும்."

"கழட்டினா?"

"கழட்டினா இப்ப போட்ட புது வாஷரும் உதவாது காக்கா. ஒருக்கா இறுக்கினா நசுங்கிப் போகும். வேற வாஷர் வர ரெண்டு நாளாகும்."

ரெண்டு நாள்! ஸகியா வானத்தைப் பார்த்தாள். மேகம் ரெண்டு மணித்தியாலம் பொறுத்தாலே பெரிய காரியம். அவளுக்கு அழுகை வந்தது. பேணி அவள் பொறுப்பில் அல்லவா இருந்தது?

"கொஞ்சம் பொறுங்க மாமா. நான் தேடிப் பாக்கிறன்" என்றாள்.

லொறிக்கு அடியில் புகுந்தாள். மண்ணைக் கையால் அளைந்தாள். சிவப்புக் கோழியைப் பிடித்து, "நீ விழுங்கினயா?" என்று கேட்டாள். அது மகா கோபத்தோடு கத்திவிட்டுப் போனது.

குஞ்சித்தம்பி ஸ்பானரைக் கையில் எடுத்துவிட்டார். வியர்வை கண்ணுக்குள் இறங்கியது. தோளில் கிடந்த சால்வையால் முகத்தைத் துடைத்தார். ஒரு நெல்மணி அவர் தலையிலிருந்து ஸகியாவின் காலடியில் விழுந்தது.

ஸகியா அந்த நெல்லையே பார்த்தாள். விடியற்காலையிலிருந்து இந்த மனிதர் நெல்லுக்குள்தான் நின்றிருக்கிறார். வந்த பிறகும் அவருடைய கைக்கு அது மறந்திருக்குமா?

"மாமா, ஒரு கேள்வி. களத்தில நெல்லு அளக்கக்குள்ள முதல் மரைக்கால எங்க போடுவீங்க?"

"என்ன பிள்ள இந்த நேரத்தில" என்றார் குஞ்சித்தம்பி. ஆனாலும் பதில் சொன்னார். "முதல் மரைக்கால் கோயிலுக்கு. அதைக் குவியலோட சேக்கப்படாது. வேறயா ஒரு பெட்டியில எடுத்து வைக்கிறது. ரெண்டாவதில இருந்துதான் சாக்குக்குப் போகும்."

"அப்ப முதல் வாஷர எங்க வச்சீங்க?"

குஞ்சித்தம்பியின் கை மெதுவாகச் சால்வையின் நுனிக்குப் போனது. அங்கே ஒரு முடிச்சு இருந்தது. அவிழ்த்தார். கரி பிடித்த ஒரு செப்பு வாஷர் உள்ளங்கையில் விழுந்தது.

"அடி ஆத்தே" என்று அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். "கை தன்ர பாட்டில முடிஞ்சு வச்சிருக்கு."

வாப்பாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "வாஷரையும் கோயிலுக்கு நேந்திற்றாயா குஞ்சித்தம்பி?"

மூன்று பேரும் வயிறு நோகச் சிரித்தார்கள். கழற்ற வேண்டியதில்லை. ஸகியாவுக்கு நெஞ்சிலிருந்து ஒரு மூட்டை நெல்லை இறக்கி வைத்தது போல இருந்தது.

சிரித்து முடித்ததும் குஞ்சித்தம்பியின் மூளையும் தெளிந்துவிட்டது. "வாஷர் நாலும் வெளிய வந்திற்று எண்டா, பைப்புக்குள்ள காத்துத்தான் அடைச்சிருக்கு. பதட்டத்தில காத்தை எடுக்க மறந்துபோனன்."

அவர் குழாய் முனைகளைச் சற்றுத் தளர்த்தினார். வாப்பா உள்ளே ஏறி ஸ்டாட்டரை அழுத்தினார். முனையில் கசிகிற டீசலைப் பார்ப்பது ஸகியாவின் வேலை.

"குமிழி வருகுது மாமா... இன்னும் வருகுது... இப்ப இல்ல."

ஒவ்வொரு முனையாக இறுக்கினார்கள். வாப்பா மறுபடியும் அழுத்தினார். லொறி ஒருமுறை தும்மியது. பிறகு டக்டக்டக் என்று முற்றமே அதிரப் பிடித்துக்கொண்டது. கரும்புகை இல்லை. கோழிகள் நாலு பக்கமும் பறந்தன.

குஞ்சித்தம்பி ஸகியாவின் தலையைத் தடவிவிட்டு ஏறினார். லொறி வாசல் கேற்றைத் தாண்டி வட்டைப் பக்கம் ஓடியது.

உம்மாவும் ஸகியாவும் வாசலுக்கும் வேலிக்குமாக நடந்துகொண்டிருந்தார்கள். பின்னேர அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லிச் சற்று நேரத்தில் லொறிச் சத்தம் கேட்டது. சாக்குகளின் மேல் பத்தினிப்பிள்ளை, மடியில் ஒரு பனையோலைப் பெட்டியோடு, மகாராணி மாதிரி உட்கார்ந்திருந்தாள். கடைசிச் சாக்கை வாப்பாவின் களஞ்சியத்துக்குள் இழுத்துப் போடும்போது முதல் துளி விழுந்தது. பிறகு கொட்டோ கொட்டென்று கொட்டியது.

"பெய்யட்டும்" என்றாள் பத்தினிப்பிள்ளை. அன்று அவள் சிரித்தது அப்போதுதான்.

ஸகியா பனையோலைப் பெட்டியை எட்டிப் பார்த்தாள். கோயிலுக்கென்று எடுத்து வைத்த முதல் மரைக்கால் நெல். அதன் நடுவில் கறுப்பாக அந்த வாஷர் கிடந்தது.

"மாமா, இத ஏன் இதுக்குள்ள போட்டீங்க?"

குஞ்சித்தம்பி சால்வையால் தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னார்.

"கோயிலுக்கெண்டு எடுத்து வச்சதைத் திருப்பி எடுக்கலாமா பிள்ள?"