தண்ணீர் கேட்ட மீன்

மணி பார்க்கும் வேலையை அப்பா சிட்டுவின் தலையில் கட்டியபோதே அவளுக்குத் தெரியும், இது உருப்படப் போவதில்லை என்று.

முந்தின நாள் சுற்றுலாக் கப்பல் ஒரு துறைமுகத்தில் நின்றது. ஊர் பார்க்க இறங்கியவர்களில் கடைசியாகத் திரும்பியது இவர்கள் குடும்பம்தான். மேல்தட்டில் நின்றவர்கள் எல்லாரும் கேலியாகக் கைதட்டினார்கள். சிட்டுவுக்கு மானமே போயிற்று.

"இன்னைக்கு நீ மணி பார்த்துச் சொல்லு" என்று அப்பா தன் கைக்கடிகாரத்தைக் கழற்றிக் கொடுத்துவிட்டார். பத்து வயதுப் பெண்ணால் நாலு பேரை மேய்க்க முடியுமா?

இன்று வந்திருப்பது குன்றின் மேல் இடிந்து கிடக்கும் பழைய தேவாலயத்துக்கு. ஆயிரத்தைந்நூறு வருஷம் ஆனதாம். பஸ் சரியாக மூன்று மணிக்குக் கிளம்பிவிடும்.

"அப்பா, வாங்கப்பா! எல்லாத் தூணும் ஒரே மாதிரிதான் இருக்கு!"

"இதுல விரிசல் வேற மாதிரி இருக்கு பாரு" என்று அப்பா இன்னொரு படம் எடுத்தார்.

அம்மா செருப்பு வார் அறுந்து உட்கார்ந்துவிட்டாள். தம்பி வாலு ஓணான்களை எண்ணிக்கொண்டிருந்தான். ஐயோ, இவர்களோடு பெரிய ரோதனை!

அத்தை மட்டும் விறுவிறுவென்று முன்னால் போனார். அவர் கையில் மூலை மடங்கிய பட அட்டை ஒன்று இருந்தது. சின்ன வயதில் வேத வசனம் ஒப்பித்ததற்குப் பரிசாகக் கிடைத்தது. இந்தத் தேவாலயத்துத் தரையில் வண்ணக் கற்களால் பதித்த சிவப்பு மீன்தான் அதிலிருந்த படம். ஆதிக் கிறிஸ்தவர்கள் பயந்து ஒளிந்திருந்த காலத்தில், மீனை வரைந்து காட்டித்தான் ஒருவரையொருவர் அடையாளம் கண்டுகொள்வார்களாம். அந்த மீனை ஒருமுறை நேரில் பார்க்க வேண்டும் என்றுதான் அத்தை கப்பலே ஏறினார்.

அந்தத் தரைக்கு வந்து சேர்ந்தபோது மணி இரண்டு ஐம்பது. சுற்றிலும் கயிறு கட்டியிருந்தது. உள்ளே ஒரே சாம்பல் நிறம். மீனும் இல்லை, செதிலும் இல்லை.

"எல்லாம் மங்கிப் போச்சுங்க. பஸ்ஸுக்குப் போலாமா?" என்றார் வழிகாட்டி அக்கா. பஸ் எண் ஒன்பது என்று எழுதிய மஞ்சள் அட்டையைத் தூக்கிப் பிடித்தபடி நடந்தார். கூட்டம் பின்னாலேயே போயிற்று.

அத்தை தரையைப் பார்த்தார். தன் பட அட்டையைப் பார்த்தார். "பரவாயில்ல" என்றார்.

அத்தை அப்படிச் சொன்னால் பரவாயில்லை என்று அர்த்தமே இல்லை. அது வீட்டில் எல்லாருக்கும் தெரியும்.

அந்த நேரம் பார்த்துத்தானா வாலு ஓணானைத் துரத்த வேண்டும்? கையிலிருந்த தண்ணீர் பாட்டில் கயிற்றுக்கு அந்தப் பக்கம் உருண்டு, கொஞ்சம் கொட்டியது.

"உன்னோட ஒரே தொல்லைடா!" என்று அம்மா கத்தினாள்.

சிட்டுவும் கத்தத்தான் வாயைத் திறந்தாள். திறந்த வாய் அப்படியே நின்றது. நனைந்த இடத்தில் நகம் அளவுக்குச் சிவப்பு! பக்கத்தில் இன்னொன்று.

மணி இரண்டு ஐம்பத்து மூன்று. பேசாமல் நடந்தால் பஸ்ஸைப் பிடித்துவிடலாம். இன்னொரு தடவை கைதட்டு வாங்க அவளால் முடியாது. ஆனால் அத்தை அட்டையைப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தார்.

"சே!" என்று சொல்லிவிட்டு, மர நிழலில் இருந்த காவலாளியிடம் ஓடினாள்.

"அண்ணா, அந்தத் தரையில தண்ணி தெளிச்சா மீன் தெரியுமா?"

காவலாளி எழுந்தார். "தெரியுமே! யாராவது கேட்டா நானே தெளிப்பேன். கேக்கத்தான் ஆள் இல்ல. வர்றவங்க எல்லாரும் கடிகாரத்தைத்தான் பாக்கறாங்க."

சிட்டு கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

காவலாளியின் பூவாளியில் சொட்டுத் தண்ணீர் இல்லை. குழாய் மலையடிவாரத்தில் இருந்தது. சிட்டு அவரோடு தரைக்குத் திரும்பி ஓடிவந்தாள்.

"எல்லாரும் பாட்டிலைக் குடுங்க! அப்பா, நீங்க ஓடிப்போய் பஸ்ஸை நிறுத்துங்க. வழியில ஒரு தூணைக்கூட பாக்கக் கூடாது!"

அப்பா ஓடினார். இருந்த பாட்டில்களை எல்லாம் பூவாளியில் கவிழ்த்தார்கள். காவலாளி கயிற்றைத் தாண்டி மெதுவாகத் தெளித்தார்.

முதலில் வால். அப்புறம் செதில்கள். கடைசியில் நீலக் கண். தரையில் செக்கச்செவேல் என்று ஒரு மீன், இப்போதுதான் பிடித்துப் போட்டதுபோலப் பளபளத்தது.

அத்தை மண்டியிட்டு, அட்டையை மீனுக்கு நேராகப் பிடித்தார். கண் நிறைந்து வழிந்தது. "அதே மீன்தான்டா கண்ணு. எனக்குத்தான் வயசாயிடுச்சு" என்று சிரித்தார். பிறகு திடுக்கிட்டு, "மணி ஆச்சே, கிளம்பலாம்" என்று எழப் போனார்.

"இருங்கத்தை. அது காயற வரைக்கும் பாருங்க" என்றாள் சிட்டு. சொன்னது தான்தானா என்று அவளுக்கே ஆச்சரியம்.

தடதடவென்று சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தால், அப்பாவுக்குப் பின்னால் முப்பது பேர் மூச்சிரைக்க வந்துகொண்டிருந்தார்கள்!

"அப்பா! பஸ்ஸை நிறுத்தத்தானே சொன்னேன்?"

"மீனைப் பத்தி ஒரு வார்த்தை சொன்னேன். யாரும் பஸ்ல உக்காரல, நான் என்ன பண்ணட்டும்?"

வழிகாட்டி அக்கா மஞ்சள் அட்டையைக் கீழே போட்டுவிட்டுக் கயிற்றருகே குனிந்தார். "ஆறு வருஷமா வர்றேன். ஒரு நாளும் பாத்ததில்லையே!" என்றார். மீன் ஓரங்களில் காயத் தொடங்கியதும், முப்பது பாட்டில்களும் ஒன்றன்பின் ஒன்றாகத் திறந்தன.

அன்று கப்பலுக்குக் கடைசியாக வந்து சேர்ந்தது ஒன்பதாம் எண் பஸ். மேல்தட்டில் வழக்கம்போலக் கைதட்டினார்கள். சிட்டு படியில் நின்று, திரும்பி, அவர்களுக்குப் பெரிதாக ஒரு கும்பிடு போட்டுவிட்டு ஏறினாள்.