பச்சைத் துணையினம்

"என் ஹஸ்பண்ட் அச்சுவை ஜெயில்ல வச்சிருக்காங்க மேடம். மர்டர் சார்ஜ்," என்றாள் ரக்ஷா.

பேர்லேண்ட் பகுதியில் தனியார் துப்பறிவாளராக இருந்த முனவ்வரா முன்பு வேதியியலாளர். அவர் பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். உதவியாளர் சேனாபதி அதற்குள் காரைக் கிளப்பியிருந்தார்.

ரக்ஷாவின் அப்பா சுவாமிநாதன் வண்ணத்துப்பூச்சி சேகரிப்பவர். சனிக்கிழமை காலை, மேசையில் காகிதங்களுக்குப் பாரமாக இருந்த குழவிக் கல்லால் யாரோ அவர் மண்டையைப் பிளந்திருந்தார்கள். ஒரு அடி அல்ல, ஏழு. பற்கள் கார்ப்பெட்டில் கிடந்தன. பதினொரு மணிக்கு வந்த மருமகன் அச்சுதன் அவரை மடியில் தூக்கியதால் சட்டை முழுக்க ரத்தம். அன்று காலை பார்சலில் வந்த பூச்சியைக் காணவில்லை.

"மருமகன்தான் மேடம்," என்று சேனாபதி கிசுகிசுத்தார்.

"ரோட்டைப் பாருங்க."

அறையில் ரத்தம் கறுத்துக் காய்ந்திருந்தது. முனவ்வரா சுவாமிநாதனின் குறிப்பேட்டைப் படித்தார். "10.10: பார்சல் பிரித்தேன். தென் தீவின் நீலத் துணையினம். சிறகில் எண்ணெய்க் கறை. 10.25: ஆல்கஹாலில் கழுவுகிறேன்."

"இதே இனம் வட தீவுல பச்சையா இருக்கும்," என்றாள் ரக்ஷா. "ரொம்ப ரேர். அப்பாகிட்ட கிடையாது. நஞ்சுண்டன் அங்கிள் பதினோரு வருஷமா அதைக் கேட்டுக்கிட்டே இருந்தார்."

நஞ்சுண்டன் சட்டம் போட்ட பூச்சிகளை வாங்கிச் சுவரில் மாட்டுபவர்; அவரும் அப்போது அந்த வீட்டில் இருந்தார். சனிக்கிழமை போலீஸ் வந்த பிறகே தானும் வந்ததாகச் சொன்னார். "எல்லாம் அந்தப் பச்சைப் பூச்சிக்காகத்தாம்மா. அச்சுதான் அடிச்சிருக்கான்."

முனவ்வரா வெளியே போய்ப் போலீஸாரிடம் நெடுநேரம் பேசினார்.

இரண்டு நாள் கழித்து எல்லோரும் அதே வீட்டில் கூடினார்கள். வாசலில் இரண்டு போலீஸார் நின்றார்கள்.

"வந்தது நீலப் பூச்சி," என்றார் முனவ்வரா. "அந்த நீலம் சாயம் இல்ல, சிறகுச் செதில்களோட அமைப்பால தெரியுற நிறம். ஆல்கஹால் பட்டா பச்சையாத் தெரியும். சில நிமிஷத்துல காஞ்சு மறுபடி நீலமாயிடும். அந்தச் சில நிமிஷம் இந்த ரூம்ல நின்னவருக்கு மட்டும்தான் அது பச்சைப் பூச்சி, நஞ்சுண்டன் சார். அதைப் பச்சைன்னு சொன்னது நீங்க ஒருத்தர்தான்."

நஞ்சுண்டன் சிரித்தார். "கெமிஸ்ட்ரி கிளாஸா?"

முனவ்வரா ஒரு பெட்டியை வைத்தார். "உங்க வீட்டுப் பரண்ல போலீஸ் எடுத்தது. பயத்துல, அன்னைக்கு ஒட்டின டேப்பைக்கூட நீங்க அப்புறம் பிரிக்கல."

அவர் டேப்பைக் கிழித்துத் திறந்தார். உள்ளே ஆழ்ந்த நீலப் பூச்சி.

"மாத்திட்டீங்க!" நஞ்சுண்டன் அலறினார். "நான் எடுத்தது பச்சை! 'என்கிட்ட இல்லவே இல்லை'ன்னு சுவாமிநாதன் சாதிச்சான், கண்ணெதிரே வச்சுக்கிட்டு—"

அவர் நாற்காலியைத் தூக்கி வீசினார். சேனாபதியின் மூக்கு உடைந்து ரத்தம் பீறிட்டது. போலீஸார் நஞ்சுண்டனின் முகத்தைத் தரையோடு அழுத்தி விலங்கிட்டார்கள்.

"என் ஹஸ்பண்டை எப்ப விடுவீங்க?" என்று ரக்ஷா போலீஸ்காரரின் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். அவர் பதில் சொல்வதற்குள் கார் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே ஓடினாள்.