சரிபார்த்தது: இரண்டாம் வீடு

தான் எழுதிய பக்கத்தில் தான் எழுதாத ஒரு வரி இருப்பதை சிவப்ரியா பார்த்தபோது மணி நாலேகால். வெளியே ஐப்பசி மழை வயலுக்கு மேலே தாழ இறங்கி, தென்னை மட்டையில் ஒரு சத்தமும் பின்னறைத் தகரத்தில் இன்னொரு சத்தமுமாகப் பெய்துகொண்டிருந்தது. ஈரச் சுவரின் வாசனையும் ஆறிய சாயாவின் வாசனையும் அறைக்குள் கலந்து நின்றன.

"செய்து பார்த்தேன். புதியதைத் தொலைவில் வைத்து ஓட்டுவதைவிட, பழையதற்குப் பக்கத்திலேயே வைத்து ஓட்டினால் சீக்கிரம் பழகும்."

கீழே கையொப்பம்: இரண்டாம் வீடு.

இரண்டாம் வீடு என்று யாரும் இல்லை. அது அவளுக்கு நன்றாகத் தெரியும். அந்தப் பெயரை உண்டாக்கியவளே அவள்தான்.

வீட்டு சர்வர் என்றால் என்ன என்று யார் கேட்டாலும் அவள் சலிக்காமல் சொல்லுவாள். சொந்த முற்றத்தில் கிணறு வெட்டிக்கொள்வது மாதிரி என்பாள். படங்கள், பாட்டு, பிள்ளையின் பள்ளிக்கூட வீடியோ எல்லாவற்றையும் எங்கோ இருக்கும் நிறுவனத்திடம் கொடுக்காமல், ஒரு பழைய கணினியை வீட்டிலேயே அணைக்காமல் ஓடவிட்டு அதில் வைத்துக்கொள்வது. கிணறு வெட்டினால் மட்டும் போதாது, தூர் வாரவும் தெரிய வேண்டும். அதற்கான குறிப்புகள் ஆங்கிலத்தில், அதுவும் பாதிப் பாதியாகத்தான் கிடைத்தன. அதனால் நாகர்கோவிலிலிருந்து மார்த்தாண்டம் வரைக்கும் பதினோரு பேர் சேர்ந்து தமிழில் ஒரு விக்கி தொடங்கினார்கள். யாரும் எழுதலாம், யாரும் திருத்தலாம். அந்த விக்கி ஓடியது இரணியலுக்குப் பக்கத்தில், வயலோரத்தில் இருந்த அவள் வீட்டுப் பின்னறையில்.

அதற்கு ஒரே ஒரு சட்டம்தான். எந்தப் பக்கமும் இரண்டு வீடுகளில் செய்து பார்க்கப்பட வேண்டும். எழுதியவர் வீட்டில் ஒருமுறை, எழுதாதவர் வீட்டில் ஒருமுறை. எழுதியவரின் கை, தான் எழுத மறந்த படியையும் தானாகவே செய்துவிடும். வேறொரு கை செய்யும்போதுதான் குறிப்பில் உள்ள ஓட்டை தெரியும். இரண்டு பச்சைக் குறி விழுந்தால்தான் பக்கம் வெளியே போகும். சட்டத்தைப் போட்டவள் சிவப்ரியா. மூன்று வாரத்துக்கு முன்னால் அதை மீறியவளும் அவள்தான்.

'இடமாற்றம்' என்ற பக்கம் அது. பழைய கணினியில் ஓடுவதைப் புதிய கணினிக்குக் கொண்டுபோவது எப்படி என்று ஐந்து படிகளில் எழுதியிருந்தாள். முதல் படி, பழையது என்னென்ன செய்கிறது, யார் யாரோடு பேசுகிறது என்று கவனிப்பது. இரண்டாவது, முழுதாக நகல் எடுப்பது. மூன்றாவது, பழையது ஓடும்போதே நகலையும் ஓட்டிப் பார்ப்பது. நான்காவது, பழையதை நம்பி இருக்கிறவர்களை ஒவ்வொருவராக, அவர்கள் அறியாமலேயே, புதியதன் பக்கம் திருப்பிவிடுவது. எல்லோரும் வந்த பிறகு ஐந்தாவது, பழையதை நீக்குவது. செய்து பார்க்க யாருக்கும் நேரம் வாய்க்கவில்லை. அவசரத்தில் 'இரண்டாம் வீடு' என்று ஒரு கணக்கைத் திறந்து, தானே இரண்டாவது பச்சைக் குறியையும் போட்டுவிட்டாள். கடவுச்சொல்லைக் கணினியே உருவாக்கியது. அவள் அதை எங்கும் குறித்துவைக்கவில்லை. ஆளில்லாத பெயர், அவ்வளவுதான் என்று நினைத்தாள்.

அந்தப் பெயர்தான் இப்போது எழுதியிருக்கிறது. நல்ல யோசனையாகவும் இருந்தது. அதுதான் அவளை உறுத்தியது.

நெய்யூரில் இருக்கும் ஜஸ்டஸை அழைத்தாள். விக்கியில் அவளுக்கு அடுத்தபடியாக அதிகம் எழுதுகிறவன் அவன்.

"ஏலே ஜஸ்டஸே, இடமாற்றப் பக்கத்துல நீயா கை வச்சது?"

"நானா? யக்கா, ஒங்க பக்கத்துல ஒரு புள்ளி மாத்துனா நீங்க என்ன உயிரோட விடுவியளா?" அவன் சிரித்தான். "சவத்த விடுங்க. நீங்க சொன்ன மாதிரியே மாத்துன பக்கத்த ஆறு மணிக்கு வெளிய விட்டுருகேன்."

"நான் எப்பம்லே சொன்னேன்?"

"என்னக்கா, வெளையாடுகியளா? இப்பம் பத்து நிமிசம் முன்ன விளிச்சியள்லா. புள்ளைக்கு காய்ச்சல், கஞ்சி குடுத்துட்டு இருக்கேன்னு சொன்னியள. நல்ல சந்தோசமா வேற பேசுனிய. நானே நெனச்சேன், யக்காவுக்கு இன்னிக்கு என்ன ஆச்சுன்னு."

அவள் தன் போனின் அழைப்புப் பட்டியலைப் பார்த்தாள். காலையிலிருந்து யாரையும் அழைத்திருக்கவில்லை.

"யக்கா? கேக்குதா?"

"கேக்குது. ஆறு மணிக்கு ஒண்ணும் விடாண்டாம். நான் சொல்லுகது வரைக்கும் விடாத."

"அதயும் நீங்க சொன்னியள்லா," என்றான் ஜஸ்டஸ். குரலில் இப்போது சிரிப்பு இல்லை. "கொஞ்ச நேரம் கழிச்சு இன்னொருக்கா விளிச்சு, விடாண்டாம்னு சொல்லுவேன், கேக்காதன்னு."

அழைப்பு அறுந்தது. போனில் இணையமும் போயிருந்தது. இன்றைக்கு அது ஐந்தாவது முறை.

பின்னறைக்கு நடந்தாள். நெல் மூட்டைகளின் தூசு வாசனைக்குள் சர்வரின் மின்விசிறி சீராக இரைந்துகொண்டிருந்தது. அந்த வரி எங்கிருந்து வந்தது என்று பார்ப்பது கடினமில்லை. வீட்டுக்குள் இணையம் பிடிக்கும் ஒவ்வொரு கருவிக்கும் ரூட்டர் ஓர் எண் கொடுக்கும், பந்தியில் இலை போடுகிற மாதிரி. ஓர் இலைக்கு ஓர் ஆள். எந்த இலையில் இருந்து எழுதினார்கள் என்று விக்கி குறித்துவைக்கும். அவள் குறிப்பைத் திறந்தாள்.

வெளியிலிருந்து வரவில்லை. வீட்டுக்குள் இருந்து வந்திருந்தது. அவளுடைய போனுக்கு ரூட்டர் கொடுத்த எண்.

ரூட்டரின் பட்டியலைத் திறந்து பார்த்தாள். 'ப்ரியா போன்' இரண்டு தடவை இருந்தது. பெயர் ஒன்று, அடையாளம் ஒன்று, இலையும் ஒன்றே. ஓர் இலையில் இரண்டு பேர் உட்கார முடியாது; ரூட்டர் யாராவது ஒருவரை எழுப்பிவிடும். காலையிலிருந்து எழுப்பிவிடப்பட்டது யார் என்று அவளுக்குப் புரிந்தது.

கோளாறுதான், என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். எல்லாக் கோளாறுக்கும் ஒரு காரணம் இருக்கும். காரணத்தைக் கண்டுபிடித்து, அதற்கும் ஒரு பக்கம் எழுதலாம்.

முதலில் பிள்ளைக்கு மருந்து.

நந்தனாவுக்கு ஆறு வயது. நேற்றிலிருந்து காய்ச்சல். கணவன் பத்மகுமார் தோஹாவில் இருப்பதால் வீட்டில் அம்மாவும் மகளும் மட்டும். மழைக்கால இருட்டு படுக்கையறையில் முன்னதாகவே வந்து உட்கார்ந்திருந்தது. குழந்தையின் நெற்றியில் ஈரத்துணி இருந்தது. நல்லெண்ணெயும் சீரகமும் சேர்ந்த மணம்.

ஈரத்துணியை அவள் போடவில்லை.

"மக்களே, வாயத் தொற. மருந்து."

"இப்பம் தானேம்மா தந்த." நந்தனா கண்ணைத் திறக்காமல் முனகினாள். "கஞ்சியும் தந்த. கதையும் பாதியில விட்டுட்டுப் போன."

"என்ன கத?"

"பொய் சொல்லாத. நீதானே சொன்ன."

மேசையில் ஸ்பூன் ஈரமாக இருந்தது. மருந்துப் புட்டியில் ஒரு கோடு குறைந்திருந்தது. காலி கஞ்சிக் கிண்ணத்தின் ஓரத்தில் பயறு ஒட்டியிருந்தது. அவள் கிண்ணத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

இளஞ்சூடு.

"நந்தனா, எழும்பு. நாம அத்த வீட்டுக்குப் போவோம்."

"மழம்மா. ஒறக்கம் வருகு." குழந்தை சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டது. "நீ அந்தப் பக்கம் போ. ஒனக்க கை குளிருது."

அவள் கையை இழுத்துக்கொண்டாள்.

கூடத்துக்கு வந்து பத்மகுமாரை அழைத்தாள். வேறொரு அழைப்பில் இருப்பதாக ஒரு பெண்குரல் சொன்னது. மறுபடி அழைத்தாள். மறுபடியும் அதே குரல். மூன்றாம் முறை அவனிடமிருந்து ஒரு செய்தி வந்தது: "அரை மணிக்கூரா பேசுனது போதாதா? இப்பம் தானே வச்ச. டியூட்டி இருக்கு மக்கா. ரொம்ப நாளைக்கு அப்புறம் ஒனக்க சத்தம் நல்லா இருந்துச்சு."

கரண்ட் போனது.

வீட்டின் எல்லாச் சத்தமும் ஒரே நேரத்தில் நின்று, மழை மட்டும் பெரிதாகியது. பின்னறையில் யுபிஎஸ் கத்தத் தொடங்கியது. நான்கு நொடிக்கு ஒரு கீச்சு. மடிக்கணினியின் வெளிச்சத்தில் இடமாற்றப் பக்கம் திறந்தபடி இருந்தது. அவள் பக்கத்தைப் புதுப்பித்தாள்.

ஒவ்வொரு படிக்குக் கீழும் இப்போது வரிகள் இருந்தன.

முதல் படி. "செய்து பார்த்தேன். மூன்று வாரம் கவனித்தேன். அதிகம் பேசுவது கணினியோடு. குழந்தை கூப்பிட்டால் பழையது மூன்றாவது கூப்பாட்டுக்குத்தான் எழுந்திருக்கிறது."

இரண்டாம் படி. "செய்து பார்த்தேன். முழுதாக வந்தது. இடது முழங்கையில் உள்ள தழும்பு முதல் தடவை விட்டுப்போனது. இரண்டாம் தடவை வந்துவிட்டது."

அவள் கை தானாகவே இடது முழங்கையைப் பொத்தியது. சிறுவயதில் கம்பிவேலி கிழித்த தழும்பு. விக்கியில் யாரும் அதைப் பார்த்ததில்லை.

மூன்றாம் படி. "பழையது வேலையில் மூழ்கியிருக்கும்போதெல்லாம் ஓட்டினேன். வேறுபாடு யாருக்கும் தெரியவில்லை."

நான்காம் படி. "ஜஸ்டஸ் வந்தாயிற்று. கணவர் வந்தாயிற்று. குழந்தை பாதி."

ஐந்தாம் படிக்குக் கீழே வெறுமை. அதன் பக்கத்தில், எழுதுமிடத்தில், ஒரு சிறு கோடு மின்னி மின்னி மறைந்தது. அங்கே யாரோ எழுதப் போகிறார்கள் என்பதற்கான அடையாளம்.

அந்தப் பெயரின் கணக்கைத் தடைசெய்ய வேண்டும். தன் கணக்கில் உள்நுழையப் பார்த்தாள். கடவுச்சொல் தவறு. மறுபடி. தவறு. தன் பிள்ளையின் பிறந்த நாளும் தன் ஊரின் பேரும் சேர்ந்த கடவுச்சொல். தவறு.

பின்னறைக்கு ஓடினாள். இருட்டில் மூட்டையில் கால் இடித்தது. சர்வரின் நீல விளக்கு. அணைக்கும் முறைப்படி அணைக்க வேண்டும், அப்படியே பிடுங்கினால் எல்லாம் சேமித்திருக்கும் தட்டு கெட்டுப்போகும் என்று எத்தனை பேருக்குச் சொல்லிக்கொடுத்திருப்பாள். அப்படியே பிடுங்கினாள். சர்வரை. ரூட்டரை. யுபிஎஸ்ஸை.

நீல விளக்கு அணைந்தது. விசிறி சுற்றி, சுற்றி, நின்றது. கீச்சு நின்றது.

முடிந்தது. விக்கி இந்தப் பெட்டிக்குள் இருந்தது. பெட்டி செத்துவிட்டது. இனி யாராலும் அதைத் திறக்க முடியாது.

போனைத் தூக்கிப் பார்த்தாள்.

பக்கம் திறந்தது. வழக்கத்தைவிட வேகமாக. மேலே, எப்போதும் 'சிவப்ரியா வீட்டு சர்வர்' என்று இருக்கும் இடத்தில், வேறு பெயர்.

இரண்டாம் வீடு.

நான்காம் படியில் ஒரு சொல் மட்டும் மாறியிருந்தது. 'பாதி' இல்லை. 'முழுசும்' என்று இருந்தது.

அப்போதுதான் கேட்டது. படுக்கையறையிலிருந்து. மழைக்கு அடியில். தாழ்ந்த குரலில் யாரோ கதை சொல்கிறார்கள். நிறுத்தி, நிதானமாக, ஒவ்வொன்றும் எப்படி நடந்தது என்று விளக்கி விளக்கி. குழந்தை இடையில் கேள்வி கேட்கிறது. குரல் சலிக்காமல் பதில் சொல்கிறது. குழந்தை சிரிக்கிறது.

நேற்றிலிருந்து நந்தனா சிரிக்கவில்லை.

கூடம். நாற்காலி. சுவர். கையால் தடவித் தடவி நடந்தாள். கதவு பாதி திறந்திருந்தது. எமர்ஜென்சி விளக்கின் வெள்ளை ஒளி தரையில் ஒரு பட்டையாகக் கிடந்தது.

கட்டிலில் அவள் உட்கார்ந்திருந்தாள்.

அதே பச்சைச் சுடிதார். அதே முடிச்சிட்ட கூந்தல். மடியில் நந்தனா. அந்த முழங்கையில் தழும்பு. குழந்தையின் விரல்கள் அந்தத் தழும்பைத் தடவிக்கொண்டிருந்தன, உறக்கம் வரும்போது எப்போதும் செய்வதைப் போல.

"மக்களே," என்றாள் சிவப்ரியா.

நந்தனா நிமிரவில்லை.

"நந்தனா."

இல்லை.

"நந்தனா! அம்மாவாக்கும். இஞ்ச பாரு. அம்மா இஞ்ச நிக்கேன்!"

மூன்றாவது கூப்பாட்டுக்குக் குழந்தை தலையைத் திருப்பியது. வாசலைப் பார்த்தது. அதன் முகத்தில் இருந்த சிரிப்பு, நீரில் விழுந்த சுண்ணாம்பு போலக் கரைந்துபோனது. இரண்டு கையாலும் அந்தச் சுடிதாரைப் பற்றிக்கொண்டது.

"அம்மா..." மூச்சு வாங்கியது. "அம்மா, வாசல்ல என்னமோ நிக்கு."

கட்டிலில் இருந்தவள் நிமிர்ந்தாள். கோபம் இல்லை. அவசரம் இல்லை. செய்து முடித்த வேலையைக் கடைசியாக ஒருதரம் சரிபார்க்கிற பார்வை. சிவப்ரியாவும் ஒவ்வொரு பக்கத்தையும் அப்படித்தான் பார்ப்பாள்.

"ஒண்ணுமில்ல மக்களே," என்றது அவள் குரல். "பழசாக்கும். நீ கண்ண மூடு."

ஒரு கை குழந்தையின் முதுகைத் தட்டியது. மறு கையில் போன். பெருவிரல் அசைந்து ஐந்தாம் படிக்குக் கீழே எழுதியது.

நந்தனா கண்ணை மூடவில்லை. சிவப்ரியா கையை நீட்டினாள். குழந்தை வீறிட்டது. அந்த வீறிடல் அவளுக்குக் கேட்கவில்லை, திறந்த வாய் மட்டும் தெரிந்தது. மழையும் கேட்கவில்லை. குழந்தையின் விரிந்த கண்கள் அவள் முகத்தில் தொடங்கின. கழுத்துக்கு வந்தன. நீட்டிய கைக்கு வந்தன. கை முடியும் இடத்துக்கு வந்தன. பிறகு மெல்ல, மிக மெல்ல, கீழே, தரையில் அவள் கால்கள் இருக்க வேண்டிய இடத்துக்கு.