எட்டு வீட்டுக்கு எட்டு வலை

நிரஞ்சலாவுக்குக் கோபம் வந்தால் முதலில் மூக்குதான் சிவக்கும். அன்று வெள்ளிக்கிழமை. பள்ளிக்கூடம் விட்டு வந்தவளுக்கு மூக்கோடு காதும் சேர்ந்து சிவந்துவிட்டது. பின்னே சும்மாவா? காலையில் குனிந்து குனிந்து சுத்தம் செய்துவிட்டுப் போன கான், மறுபடியும் விளிம்பு வரை குப்பையாகக் கிடந்தது.

கான் என்பது லயத்தின், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளின், பின்பக்கமாக ஓடும் சீமெந்து வடிகால். மடுல்சீமைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் இருந்த அந்த லயத்தில் மொத்தம் எட்டுக் காம்பராக்கள். ஒரு காம்பரா என்றால் ஒரு வீடு. கான் முதலாம் காம்பராவில் தொடங்கி, சரிவில் இறங்கி, எட்டாம் காம்பராவின் பக்கத்தில் திரும்பி, கீழே ஓடைக்குப் போகும். அந்த எட்டாம் காம்பராதான் நிரஞ்சலாவின் வீடு.

அங்கே எல்லா வீட்டுக்கும் ஒரே வழக்கம். வாசலைப் பளிச்சென்று கூட்டுவார்கள். கூட்டிய குப்பையைக் கானுக்குள் தள்ளிவிடுவார்கள். மழை வந்தால் அடித்துக்கொண்டு போய்விடும் என்பது அவர்கள் கணக்கு. மழையும் வரும், அடித்துக்கொண்டும் போகும். ஆனால் எல்லாம் எட்டாம் காம்பராத் திருப்பத்தில் வந்து சிக்கிக்கொள்ளும். அதை யார் கணக்கில் எடுத்தார்கள்?

வேறு நாளாக இருந்தால் நிரஞ்சலா முணுமுணுத்துவிட்டு விட்டிருப்பாள். இப்போது விட முடியாது. ஏனென்றால் கறுப்பி அடைகாத்துக்கொண்டிருந்தது.

கறுப்பி அவள் வளர்க்கும் கோழி. கானுக்குப் பக்கத்தில், விறகு அடுக்குக்கு அடியில் தானாகவே ஒரு குழி பறித்து, பதினொரு முட்டைகளின் மேல் உட்கார்ந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை குஞ்சு பொரிக்கும் நாள். வியாழக்கிழமை மழையில் கான் அடைத்துக்கொண்டு, தண்ணீர் அந்தக் குழிக்கு ஒரு சாண் தூரம் வரை வந்துவிட்டது. அம்மா முட்டைகளை எடுத்து ஒரு கூடையில் வைத்துப் பார்த்தார். கறுப்பி கூடைப் பக்கமே போகவில்லை. அம்மாவின் கையைக் கொத்திவிட்டு வெறும் குழியில் போய் உட்கார்ந்துகொண்டது. அப்படிப்பட்ட பிடிவாதக்காரி! வேறு வழியில்லாமல் முட்டைகளைத் திரும்பக் குழியிலேயே வைத்தார்கள்.

இன்னொரு தடவை கான் நிரம்பினால் பதினொரு முட்டையும் போச்சு.

நிரஞ்சலா அன்று மாலையே வீடு வீடாகப் போனாள். முதலாம் காம்பராவில் பாக்கியலெட்சுமி பெரியம்மா அவளை உள்ளே கூப்பிட்டு வீட்டைக் காட்டினார். அடுப்படி வரைக்கும் மினுமினுத்தது.

"எங்க வீட்டுல குப்பையே சேராது கண்ணு. நீயே பாத்துக்க" என்றார்.

இரண்டாம் காம்பராவில் முதலாம் காம்பராவைக் கைகாட்டினார்கள். மூன்றாம் காம்பராவில் இரண்டாம் காம்பராவை. இப்படியே போய், ஏழாம் காம்பராவில் அது உங்கள் வீட்டுக் குப்பைதான் என்றே சொல்லிவிட்டார்கள். நிரஞ்சலாவால் என்ன சொல்ல முடியும்? யோகட் கோப்பையில் சாப்பிட்டவர் பெயரா எழுதியிருக்கிறது?

சந்தியில் கடை வைத்திருக்கும் தாஸிம் நானாவின் மகள் றுஷ்தா, நிரஞ்சலாவோடு ஐந்தாம் வகுப்பில் படிப்பவள். அவளிடம் போய் நிரஞ்சலா எல்லாவற்றையும் கொட்டினாள். றுஷ்தா அப்போது பெரிய வெங்காயத்தை மூட்டையிலிருந்து பெட்டிக்கு மாற்றிக்கொண்டிருந்தாள். வெங்காயம் தீர்ந்ததும் சிவப்பு வலைச் சாக்கு மட்டும் அவள் கையில் தொங்கியது.

நிரஞ்சலா அந்த வலையையே பார்த்தாள். தண்ணீர் இதற்குள்ளே போகும். குப்பை போகாது.

"றுஷ்தா, இது மாதிரி எட்டு இருக்குமா?"

"எட்டு எதுக்குடி? உங்க வீட்டுக்கு மேல ஒன்னு கட்டினாப் போதாதா?"

"ஒன்னு கட்டினா எல்லாக் குப்பையும் அதுலதான் நிக்கும். யார் வீட்டுதுன்னு எப்பிடித் தெரியும்? வீட்டுக்கு ஒன்னு கட்டினா அவங்கவங்க குப்பை அவங்கவங்க வீட்டோட நின்னுரும்."

றுஷ்தா குதித்தே விட்டாள். தாஸிம் நானா சிரித்துக்கொண்டே பின்கட்டிலிருந்து எட்டு வலைகளைத் தேடி எடுத்துக் கொடுத்தார்.

சனிக்கிழமை காலை, பெரியவர்கள் கொழுந்து பறிக்க மலைக்குப் புறப்படும் முன்னே வேலை தொடங்கிவிட்டது. முதலில் நிரஞ்சலாவும் றுஷ்தாவும், கை எட்டாத திருப்பத்து மூலையைத் தவிர, கானை முழுக்கச் சுத்தம் செய்தார்கள். பிறகு ஒவ்வொரு வீட்டுச் சுவரும் முடியும் இடத்தில் கானுக்குள் இரண்டு குச்சிகளை நட்டு, குறுக்கே வலையைக் கட்டினார்கள். நிரஞ்சலாவின் தம்பி சுரேஸ், வயது ஐந்து, அடுப்புக் கரியால் சுவரில் இலக்கம் போட்டான். ஏழாம் இலக்கத்தை மட்டும் திருப்பிப் போட்டுவிட்டான். அதனால் ஒன்றும் குடிமுழுகிப் போகவில்லை.

கானில் மீன் பிடிக்கப் போகிறீர்களா என்று எல்லோரும் கேலி செய்துவிட்டு மலைக்குப் போனார்கள். வீட்டில் இருந்தவர்கள் வழக்கம்போலக் கூட்டினார்கள், கழுவினார்கள், தள்ளினார்கள். மலை ஊற்றிலிருந்து வரும் பீலித் தண்ணீர் குப்பையை இழுத்துக்கொண்டு வந்து வலையில் விட்டுவிட்டுப் போனது. தோழிகள் இருவரும் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடி ஓடிப் பார்த்தார்கள். சோறு தின்னக்கூட வீட்டுக்குள் போகவில்லை.

மத்தியானம் கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டுப் பெண்கள் திரும்பினார்கள். எட்டு வலையும் தொந்தி போட்டிருந்தது. பாக்கியலெட்சுமி பெரியம்மா முதலாம் வலையை எட்டிப் பார்த்தார். நூடுல்ஸ் பைகள், ஷாம்பு பக்கட்டுகள், யோகட் கோப்பைகள், பேரப்பிள்ளையின் பம்பர்ஸ் மூன்று.

"இதெல்லாம் மேல இருந்து வந்திருக்கும்" என்றார் பெரியம்மா.

நிரஞ்சலா சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "உங்களுக்கு மேல தேயிலை மட்டுந்தானே பெரியம்மா இருக்கு?"

லயமே சிரித்தது. பெரியம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்த நேரம் பார்த்து சுரேஸ் கத்தினான்.

"அக்கா, நம்ம வலையிலயும் நெறைய இருக்கு!"

ஓடிப்போய்ப் பார்த்த நிரஞ்சலாவுக்கு வெட்கமாகிவிட்டது. டொபித் தாள்கள், பிஸ்கட் உறை, அவளே எறிந்த மை தீர்ந்த பேனா. வலை இல்லாவிட்டால் இதெல்லாம் எங்கே போயிருக்கும்? ஓடைக்கு. கீழ்த் தோட்டத்துப் பிள்ளைகள் குளிக்கிற ஓடைக்கு. இத்தனை நாளாக மேல் வீடுகளை மட்டும்தானே அவள் குறை சொன்னாள்?

"நானுந்தான் போட்டிருக்கேன்" என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னாள். சிரிப்பு நின்றது.

அப்போது மலைக்கு அந்தப் பக்கம் இடி இடித்தது. இந்தக் குப்பையோடு வலை நின்றால் எட்டு அடுப்படிக்குள்ளும் தண்ணீர் வந்துவிடும். அவ்வளவுதான், ஆளுக்கு ஓர் உரப்பையோடு எல்லோரும் கானுக்குள் இறங்கினார்கள். அள்ளினார்கள், திணித்தார்கள், வலைகளைப் பிடுங்கினார்கள். மழை கொட்டத் தொடங்கியது.

தண்ணீர் வேகமாக இறங்கி வந்தது. ஆனால் எட்டாம் காம்பராத் திருப்பத்தில் போகாமல் நின்றது. மளமளவென்று ஏறியது. குழிக்கு இன்னும் ஒரு சாண். அரைச் சாண். கறுப்பி கழுத்தை நீட்டிப் பார்த்ததே தவிர, முட்டைகளை விட்டு எழும்பவில்லை. நிரஞ்சலாவுக்கு அழுகையே வந்துவிட்டது.

திடீரென்று ஒரு ஆள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் இறங்கியது. பாக்கியலெட்சுமி பெரியம்மா! திருப்பத்துக்குள் தோள்வரை கையை விட்டு, மூச்சைப் பிடித்து இழுத்தார். தண்ணீரில் ஊறிப் பூசணிக்காய் அளவுக்கு உப்பிப்போன ஒரு பம்பர்ஸ் வெளியே வந்தது.

"இது என் பேரனோடதுதான். நான்தான் போட்டேன்" என்றார்.

கான் விர்ரென்று ஓடியது. குழிக்கு நாலு விரல் கீழே வந்த தண்ணீர் அப்படியே இறங்கிப் போய்விட்டது. றுஷ்தாவும் நிரஞ்சலாவும் கட்டிப்பிடித்துக்கொண்டு மழையிலேயே ஆடினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பதினொரு முட்டையில் ஒன்பது பொரித்தன. பிரதேச சபையின் குப்பை ட்ராக்டர் தோட்டத்துக்குள் வராது, சந்தியோடு திரும்பிவிடும். அதனால் திங்கட்கிழமை எட்டு வீட்டாரும் பைகளைச் சுமந்துகொண்டு சந்திக்கே போனார்கள். போத்தல்களையும் யோகட் கோப்பைகளையும் மட்டும் தாஸிம் நானா தன் வேனில் பதுளைக்கு, பழைய பிளாஸ்டிக் எடுக்கும் இடத்துக்குக் கொண்டுபோனார். மரக்கறித் தோல் வீட்டுத் தோட்டத்துக்குப் போனது. வலைகள் மறுபடியும் கட்டப்பட்டன.

ஒரு வாரம் கழித்துப் பாக்கியலெட்சுமி பெரியம்மா எட்டாம் காம்பராவுக்கு வந்தார். குஞ்சுகளையே பார்த்துக்கொண்டு நின்றார். கடைசியில் மெதுவாகக் கேட்டார்.

"வளந்ததும் எனக்கு ஒன்னு தருவியா கண்ணு?"

"இருங்க பெரியம்மா, உங்க வலையப் பாத்துட்டு வந்து சொல்றேன்."

நிரஞ்சலா ஒரே ஓட்டமாக முதலாம் காம்பராவுக்கு ஓடினாள். வலையில் நாலு தேயிலைச் சருகு மட்டும்தான் இருந்தது. போன வேகத்திலேயே திரும்பி வந்தாள்.

"ஒன்னு இல்ல பெரியம்மா," என்றாள் மூச்சு வாங்க, "உங்களுக்கு ரெண்டு!"