வாடிக்கையாளர் பக்கத்துத் திரை

விளாங்குடியில் கல்யாண ஆல்பம் ஸ்டூடியோ நடத்தும் ராமதாஸ், பழங்காநத்தத்தில் ஸ்யாமளாவின் துப்பறியும் அலுவலகத்துக்கு வந்ததும் முதலில் தண்ணீர் கேட்டார், அடுத்து அறிக்கை கேட்டார். வாடிக்கையாளரிடம் காட்ட, தன்னிடம் வேலை பார்த்த ஸ்வர்ணாதான் குற்றவாளி என்று கையெழுத்துப் போட்டுத் தர வேண்டுமாம். விசாரணையெல்லாம் வீண் வேலை என்பது போலப் பேசினார்.

அவருடைய கம்ப்யூட்டருக்கு இரண்டு திரைகள். சின்னது ஸ்வர்ணா வேலை செய்ய, பெரியது வாடிக்கையாளர் பார்க்க. கரண்ட் மிச்சம் என்று, ஆள் வந்த பிறகுதான் பெரியதைப் போடுவார். சனிக்கிழமை எழுமலையிலிருந்து பாண்டிமீனா என்ற மணப்பெண் தன் அண்ணனோடு ஆல்பம் பார்க்க வந்தாள். திரையைப் போட்டதும் ஸ்டூடியோவின் வாட்ஸ்அப் விண்டோ அதில் போய் நின்றது. போட்டோகிராபருக்கு முந்தின நாள் போன செய்தி அதில் திறந்திருந்தது.

அண்ணன் அதைப் படம் பிடித்து ராமதாசுக்கே அனுப்பியிருந்தான். அவர் சட்டைப் பையிலிருந்த கண்ணாடியை எடுக்காமலே போனைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்து, ஒருவழியாகத் தேடிக் கொடுத்தார். ஸ்யாமளாவின் கொழுந்தன் சாய்ராம் வாங்கிப் படித்தான். ஒரே ஒரு செய்தி மூன்று வரியில் திரை முழுவதையும் அடைத்திருந்தது. அனுப்பிய நேரம் மாலை ஏழரை.

"எழுமலைப் பொண்ணு மூஞ்சிய வெளுக்க வைக்கிறதுக்குள்ள நம்ம கம்ப்யூட்டரே கருத்துரும் போல."

அந்தப் பெண் முந்தானையால் முகத்தை மறைத்துக்கொண்டு படியிறங்கிவிட்டாளாம். எழுதியது ஸ்வர்ணா என்று ராமதாஸ் அங்கேயே சொல்லி, அப்போது பக்கத்து அறையில் பிரிண்ட் எடுத்துக்கொண்டிருந்தவளை எல்லோர் முன்பும் திட்டி வேலையை விட்டு நிறுத்திவிட்டார். விஷயம் பரவி, வேறு எந்த ஸ்டூடியோவும் அவளைச் சேர்க்கவில்லை.

"ஆறு அடிச்சாப் பையத் தூக்கிட்டுக் கெளம்பிருவா மேடம். அம்புட்டு சலுகை குடுத்தேன். ஒரு நாள் லீவு தரலைன்னு இப்படிப் பண்ணிட்டா. விண்டோ அடுக்குற குட்டி ஆப் ஒண்ண அவதான் போன வாரம் போட்டா."

"ஆளும் கெடைச்சாச்சு, ஆயுதமும் கெடைச்சாச்சு மன்னி" என்றான் சாய்ராம். அவன் எப்போதுமே முதல் பந்தியில் உட்கார்ந்ததும் பாயசம் கேட்கிற ஆள்.

மறுநாள் ஸ்யாமளா சாய்ராமோடு ஸ்டூடியோவுக்குப் போய், ஸ்வர்ணாவையும் வரச் சொன்னாள். அவள் தலை குனிந்து வாசலோரமே நின்றாள். செய்யாத தப்புக்கு என்ன வெட்கம் என்று கேட்கலாம். நாலு பேர் முன்னால் திட்டு வாங்கியவர்களுக்குத்தான் அது தெரியும். ஆப் என்ன செய்யும் என்று ஸ்யாமளா கேட்டாள்.

"எந்த விண்டோவ எந்தத் திரையில கடைசியா வச்சோம்னு ஞாபகம் வச்சுக்கும்க்கா. பெரிசை அணைச்சா எல்லாம் சின்னதுக்கு வந்துரும். திரும்பப் போட்டா அதது எடத்துக்குப் போயிரும்."

ஸ்யாமளா பெரிய திரையை அணைத்துப் போட்டாள். வாட்ஸ்அப் அங்கே தாவியது. அதைச் சின்னதற்கு இழுத்து வைத்துவிட்டு மறுபடி அணைத்துப் போட்டாள். இம்முறை நகரவில்லை.

"சனிக்கிழமை யாரும் எதையும் நகர்த்தலை. அதுக்கு முன்னாடி யாரோ பெரிய திரையில வச்சுப் பார்த்திருக்காங்க" என்றாள் ஸ்யாமளா. "ஸ்வர்ணா திரையில எழுத்தெல்லாம் எறும்பு மாதிரி இருக்கு. படத்துல இருந்த எழுத்து அவ்வளவு பெரிசு. கிட்டத்துப் பார்வை தெரியாம, கண்ணாடி போட வெட்கப்படுறவர் இங்க ஒருத்தர்தான். நேத்து போனை நீட்டிப் பிடிச்சப்பவே பார்த்தேன். செய்தி போனது ஏழரைக்கு. ஆறு மணிக்கே கெளம்பிருவான்னு சொன்னவரும் நீங்கதான். ஆள் இல்லாத நேரத்துல பெரிய திரையில உட்கார்ந்து நீங்களே எழுதியிருக்கீங்க."

ராமதாசின் முகம் சுண்டிப் போயிற்று. சாய்ராமும் ஸ்வர்ணாவைப் பார்க்க முடியாமல் தரையைப் பார்த்தான். கோளாறு ஆப்பில்தான் என்று எழுதித் தர முடியுமா என்று ராமதாஸ் மெதுவாகக் கேட்டார்.

"ஆப் நீங்க வச்ச எடத்துலதான் வச்சது. எழுதினதையும் பழி போட்டதையும் நீங்கதான் சொல்லணும்."

அவர் பாண்டிமீனாவுக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில் வைக்கச் சொன்னாள் ஸ்யாமளா.

"அத எழுதுனது நான்தாம்மா. மாட்டிக்குவேன்னு பழிய ஸ்வர்ணா தலையில போட்டுட்டேன்."

பாண்டிமீனா, ஸ்வர்ணா இருக்கிறாளா என்று கேட்டாள்.

"எங்கண்ணன் உங்கள ரொம்பப் பேசிட்டான்க்கா, மன்னிச்சுக்கங்க. ஆல்பத்த நீங்களே பண்ணிக் குடுங்க. என் மொகத்துல மட்டும் கை வைக்காதீங்க."

வேலைக்குத் திரும்புவதாக ஸ்வர்ணா சொல்லவில்லை. இந்த ஒரு ஆல்பம் மட்டும் என்றாள். நாற்காலியில் உட்கார்ந்து, ராமதாஸ் சொல்லி வெளுக்க வைத்திருந்ததையெல்லாம் ஒவ்வொன்றாக நீக்கினாள். பெரிய திரையில் பாண்டிமீனா தன் நிறத்திலேயே சிரித்தாள். ராமதாஸ் மட்டும் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.